பால்கன் வாத்தியக்காரர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நியூயார்க்கில் 1983 முதல் இயங்கிவரும் 'ஸ்லாத்னே ஊஸ்தே' என்ற பித்தளை வாத்தியக் குழுவைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். 'பொன்னிதழ்கள்' என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு செர்பிய, மாசிடோனிய ஊர்களின் நடன மெட்டுகளை வாசிக்கும் அந்தக் குழுவினரில் பெரும்பாலோருக்கு அந்த நாடுகளோடு பிறப்பு வழி உறவு எதுவும் இல்லை என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிதான் இம்முறை இத்தனை கடிதங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: பால்கன் மக்களின் நாட்டுப்புற இசையை அமெரிக்கர்கள் கூடி வாசித்தால் அது வேடம்தானே? மண்ணில் பிறந்தவர்கள் வாசிப்பதல்லவா உண்மையான நாட்டுப்புற இசை? — வாசகர், மதுரை

முன்னொரு காலத்தில் ஒரே இனத்தார் மட்டும் கூடி வாசித்த கலப்பில்லாத குழு ஒன்று அங்கே இருந்தது என்ற எண்ணத்தின் மேல் உங்கள் கேள்வி நிற்கிறது. அந்தக் குழுவைத் தேடிப் போனால் அகப்படாது. செர்பியாவின் தேசிய அடையாளம் என்று இன்று கொண்டாடப்படும் எக்காள இசையையே எடுத்துக்கொள்வோம். 1831-இல் இளவரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச் தம் அரசவைக்கு ஐரோப்பிய பாணியில் ஒரு வாத்தியக் குழு வேண்டுமென்று விரும்பியபோது, அதை அமைத்துப் பயிற்றுவிக்க அழைக்கப்பட்டவர் யோசிப் ஷ்லெசிங்கர். அப்போது ஹங்கேரியின் ஆட்சிக்குள் இருந்த சோம்போர் நகரத்து யூதர் அவர். அவ்வாறு படைக்குள் புகுந்த பித்தளை வாத்தியங்கள், படையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பிய வாத்தியக்காரர்களோடு கிராமங்களுக்குள் வந்தன. தெற்குச் செர்பியாவில் அவற்றைத் தொழிலாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே அங்கிருந்த துருக்கிய மெட்டுகளையும் தாளங்களையும் அவற்றின் வழியே ஊதியவர்கள் பெரும்பாலும் ரோமாக்கள், அதாவது பிறர் ஜிப்ஸிகள் என்று அழைக்கும் மக்கள். குச்சா என்ற சிற்றூரில் 1961 முதல் நடைபெறும் எக்காளத் திருவிழாவில் பலமுறை பரிசு பெற்ற போபன் மார்க்கோவிச் அந்தத் தெற்கிலிருந்து வந்த ரோமாதான். ஆக, செர்பிய எக்காளத்தைச் செர்பியர் மட்டும் ஊதிய நாள் ஒன்றைக் காட்டுவது எளிதல்ல.

இனி அமெரிக்கர்களுக்கு வருகிறேன். அவர்களில் பலர் இந்த இசைக்குள் நுழைந்தது கால்களின் வழியாக என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நகர மன்றங்களிலும் நாட்டுப்புற நடனக் கழகங்கள் பெருகின. செர்பியர் 'கோலோ' என்றும், பல்கேரியர் 'ஹோரோ' என்றும், மாசிடோனியர் 'ஓரோ' என்றும் சொல்லும் கைகோத்த வட்ட நடனங்களை அங்கே இளைஞர்கள் இசைத்தட்டுகளுக்கு ஆடினார்கள். 1963-இல் பல்கேரிய அரசின் பிலிப் கூட்டெவ் கலைக்குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. 1969-இல் யேல் பல்கலைக்கழக மாணவியர் ஸ்லாவிய பாடற்குழு ஒன்றைத் தொடங்கினர். 1977 முதல் கலிபோர்னியாவின் மெண்டசீனோ காட்டில் கோடை முகாம்கள் நடந்துவருகின்றன. பால்கன் நாடுகளிலிருந்து வந்த கலைஞர்களிடம் நேரில் உட்கார்ந்து கற்க அங்கே பலருக்கு வாய்ப்புக் கிடைத்தது. இசைத்தட்டுக்கு ஆடி அலுத்தவர்கள், வட்டத்தின் நடுவே நின்று வாசிக்க ஆள் வேண்டும் என்றுதான் வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள்.

வேடமா இல்லையா என்பதைத் தீர்மானிக்க ஒரு சோதனை உண்டு. அது பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. வாசிக்கிறவர் தாளத்தின் நீண்ட அடியைச் சற்றே குறுக்கிவிட்டால், கைகோத்து ஆடும் நாற்பது பேருடைய கால்கள் ஒரே கணத்தில் தடுமாறும்; ஆடுபவர் ஒரு செர்பியப் பாட்டியானாலும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி ஆசிரியரானாலும் தடுமாற்றம் ஒன்றுதான். கால்கள் தடுமாறாத வரை வாசிப்பில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பூ வேலை செய்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட யாருமில்லாத அரங்கில் வேகத்தை மட்டும் காட்டும் குழுக்களைத்தான் வேடம் என்பேன். அப்படிப்பட்ட குழுக்கள் பால்கன் நாடுகளிலேயே ஏராளம்.

கேள்வி: பால்கன் என்பது எந்தெந்த நாடுகளைக் குறிக்கும்? — வாசகி, தஞ்சாவூர்

பல்கேரியா, செர்பியா, வடக்கு மாசிடோனியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, அல்பேனியா, கிரீஸ், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி ஆகியவற்றைத் தயங்காமல் சொல்லலாம். குரோஷியாவும் ருமேனியாவும் சேருமா என்பதில் அந்நாட்டவரிடையே வாதம் உண்டு. காடடர்ந்த மலையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பகுதிகளில் பெரும்பாலானவை நூற்றாண்டுக் கணக்கில் துருக்கியரின் உஸ்மானியப் பேரரசின் கீழ் இருந்தவை. ஆகவே ஒரே சந்தையில் ஐந்து மொழிகளும் மூன்று மதங்களும் இருந்தன; அந்தச் சந்தையை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: பல்கேரிய இசையில் ஏழு அட்சரத் தாளம் உண்டு என்கிறார்கள். அது நம் மிஸ்ர சாபுதானா? அப்படியானால் நம் வித்வான்களுக்கு அது மிக எளிதாக வருமே? — மிருதங்கம் பயிலும் வாசகர், சென்னை

கணக்கு ஒன்றுதான், பழக்கம் வேறு. மாசிடோனியாவில் மிகப் பரவலாக ஆடப்படும் 'லெஸ்னோ' என்ற நடனத்தின் தாளம் மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும். 'தகிட தக தக' என்று சொல்லிப் பார்த்தால் மிஸ்ர சாபு உங்கள் கையில் தானாகவே வந்து உட்காரும். பல்கேரியரின் 'ரச்செனிட்சா' அதையே திருப்பிப் போட்டது: 'தக தக தகிட'. ஐந்தில் அமைந்த 'பைதுஷ்கோ' உண்டு; அது 'தக தகிட' என்று நடக்கும். பதினொன்றில் அமைந்த 'கொப்பனிட்சா' உண்டு. 'தக தக தகிட தக தக' என்பது அதன் நடை. பதினைந்தில் 'புச்சிமிஷ்' என்று ஒன்று உண்டு. இவை அனைத்தையும் துருக்கியக் கலைச்சொல்லால் 'அக்சாக்', அதாவது நொண்டி நடை, என்று இசை அறிஞர்கள் அழைப்பார்கள். நொண்டி என்ற பெயர் வெளியிலிருந்து பார்த்தவர் வைத்தது போலத் தோன்றுகிறது. அதை ஆடிப் பார்த்தவருக்கு நொண்டுவதாகவே படாது.

நம்மவர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. நீங்கள் பதினொன்றை எண்ணுவீர்கள். ஒரு பல்கேரிய நடனக்காரர் பதினொன்றை எண்ணுவதில்லை. அவருக்குக் கொப்பனிட்சா என்பது ஐந்து அடிகள்; அவற்றில் நடு அடி மட்டும் சற்று நீளம். குறில், குறில், நெடில், குறில், குறில் என்று செய்யுளில் அசை பிரிப்பதைப் போல அதை அவர் உணர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கும் அட்சரங்களை நாவால் சொல்லவே முடியாத நிலை வந்துவிடும்; எண்ணிக்கொண்டிருப்பவர் அங்கே பின்தங்கிவிடுவார். அதோடு, ஊர் வாத்தியக்காரர்கள் வாசிக்கையில் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டு என்று அளந்து வைத்ததுபோல இருப்பதில்லை. நடனத்தின் மூச்சுக்கேற்ப நெடில் கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் சுருங்கும். கணக்குப் பிசகாத கைக்கு இந்த நெகிழ்வைக் கற்பதுதான் கடினம். எனவே நம் வித்வான்களுக்கு முதல் பத்து நிமிடம் மிக எளிது என்றும், அடுத்த ஓராண்டு மற்றவர்களுக்கு இருப்பது போலவே கடினம் என்றும் சொல்வேன்.

இந்திய லயமும் பல்கேரிய லயமும் உண்மையிலேயே சந்தித்த ஓரிடம் உண்டு. அது லாஸ் ஏஞ்சலீஸ். டான் எல்லிஸ் என்ற ஜாஸ் எக்காளக் கலைஞர் 1960-களின் நடுவில் ரவிசங்கரின் சீடரான ஹரிஹர் ராவிடம் தாளம் கற்று, ஒற்றைப்படை எண்ணிக்கைகளில் தம் பெரிய குழுவை வாசிக்க வைத்தார். அந்தக் குழுவுக்கு 1970-களின் தொடக்கத்தில் பியானோ வாசிக்க வந்து சேர்ந்தவர் பல்கேரியாவை விட்டு வெளியேறிய மில்ச்சோ லெவியெவ். பிலொவ்திவ் நகரத்தில் பிறந்த அவருக்கு இந்தத் தாளங்கள் ஊர்த் திருமணங்களில் கேட்டவை. குழுவின் மற்றவர்களுக்கோ பாடமாக வந்தவை. மெட்டின் முடிவில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

கேள்வி: பல இனத்தவரை ஒரே மேடையில் நிறுத்துவது 'உலக இசை' என்ற பெயரில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் 1980-களுக்குப் பின் கண்டுபிடித்த விற்பனை உத்தி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? — வாசகி, கோயம்புத்தூர்

விற்பனைச் சீட்டு புதிது, சரக்கு பழையது. 1930-களில் ஏதென்ஸ் நகரத்தில் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தில் மூவர் இருக்கிறார்கள். ஒருவர் பாடகி ரோசா எஸ்கெனாசி. இஸ்தான்புல்லில் பிறந்து தெசலோனிக்கியில் வளர்ந்த, ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்த குடும்பத்துப் பெண். ஊத் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்த அகாபியோஸ் தொம்பூலிஸ் ஆர்மீனியர். வில் வாத்தியத்தோடு இருக்கும் திமித்ரியோஸ் செம்சிஸ் கிரேக்கர். ஆனால் அவர் பிறந்த ஸ்த்ருமிட்சா இன்று வடக்கு மாசிடோனியாவில் இருக்கிறது. கிரேக்கத் துறைமுகங்களின் 'ரெபெட்டிகோ' பாடல்களை மக்கள் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த இசைத்தட்டுகளில் பலவற்றை இவர்கள்தான் வாசித்தளித்தார்கள். ரோசா கிரேக்கத்தில் மட்டுமன்றித் துருக்கி, ஆர்மீனியம், யூதர்களின் லதீனோ ஆகிய மொழிகளிலும் பாடினார். இவர்களைச் சேர்த்து வைத்தது எந்தத் தயாரிப்பாளரின் உயர்ந்த கொள்கையும் அல்ல. ஒரே மக்காம்களை, அதாவது துருக்கிய மரபின் ராகங்களை, கேட்டு வளர்ந்த காதுகளும் வயிற்றுப்பாடும்தான்.

அந்தச் சேர்க்கை நடந்த காலத்தையும் பாருங்கள். 1923-ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கையின்படி கிரீஸும் துருக்கியும் மக்களை மதத்தின் பெயரால் மாற்றிக்கொண்டன. ஏறக்குறைய 12 இலட்சம் கிறித்தவர்கள் கிரீஸுக்கும், சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு அரசுகளும் கலப்பை அகற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இசைத்தட்டுகளில் கலப்பு தொடர்ந்தது. பின்னர் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தெசலோனிக்கியின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1943-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ரோசா பொய்யான ஞானஸ்நானச் சான்றிதழின் உதவியால் பிழைத்தார்.

இன்னொரு சாட்சியையும் சேர்க்கிறேன். ஹங்கேரிய, ருமேனிய, ஸ்லோவாக்கியப் பாடல்களை ஊர் ஊராகச் சென்று திரட்டிய பேலா பார்டோக், அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த 1942-இல், இசையில் இனத் தூய்மை என்ற பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிழக்கு ஐரோப்பாவின் நாட்டுப்புற இசை இவ்வளவு செழித்ததற்குக் காரணமே அந்த மக்களிடையே மெட்டுகள் ஓயாமல் கைமாறியதுதான் என்பது அவர் முடிவு. அது களத்தில் பல்லாண்டு உழைத்தவருடைய முடிவு. நீங்கள் படித்த கட்டுரையாசிரியரை விட அவரை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

கேள்வி: பால்கன் திருமணங்களில் வாசிப்பவர்கள் ஜிப்ஸிகள் என்றும் அவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்றும் கேள்விப்பட்டேன். நம் தமிழ்நாட்டுக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டா? — வாசகர், திருநெல்வேலி

முதலில் பெயர். ஜிப்ஸி என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள். அவர்களுடைய மொழியான ரோமானி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது: இரண்டுக்கு 'துய்', மூன்றுக்கு 'த்ரின்', தண்ணீருக்குப் 'பாணி'. முன்னோர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள். தமிழ்நாட்டோடு தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இல்லாத உறவை உண்டாக்கிக்கொள்ளும் ஆசை நமக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பால்கன் நாடுகளில் ரோமாக்கள் எல்லோருடைய திருமணத்திலும் வாசித்தார்கள். கிறித்தவர் வீட்டுக்கு ஒரு மெட்டு, முஸ்லிம் வீட்டுக்கு ஒரு மெட்டு, அல்பேனியருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று என்று அழைத்தவருக்குத் தக்கபடி வாசிக்கத் தெரிந்திருப்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. சூர்னா என்ற இரட்டை நாணல் குழலும், ஒரு பக்கம் தடித்த கம்பாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிக்கப்படும் தபான் என்ற பெருமுரசும் சேர்ந்து முழங்கினால், நம்மூர் நாயனமும் தவிலும் போல, தெருக்கோடி வரை மணவீடு இதுவென்று தெரியும். விருந்தினர்கள் ரொக்க நோட்டை வாசிப்பவரின் நெற்றியில் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டியவர்களே மறுநாள் அவரைத் தம் மேசையில் உட்கார வைப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ருமேனிய நிலப்பகுதிகளில் ரோமாக்கள் 1850-களின் நடுப்பகுதி வரை சட்டப்படி அடிமைகளாக இருந்தவர்கள். விற்கப்பட்டவர்களில் வாத்தியக்காரர்களும் அடங்குவர்.

ஸ்கோப்யே நகரத்து முஸ்லிம் ரோமா குடும்பத்தில் 1943-இல் பிறந்த எஸ்மா ரெஜெப்போவா, ரோமானி மொழியிலேயே பாடி யூகோஸ்லாவியா முழுதும் புகழ்பெற்றார். அவரைக் கண்டெடுத்து, பின் மணந்துகொண்ட அக்கார்டியன் கலைஞர் ஸ்தெவோ தியோதோசியெவ்ஸ்கி ரோமா அல்லாத மாசிடோனியர். ரோமா பாடகியைக் குழுவின் நடுவில் நிறுத்தியதற்காக ஏச்சு வாங்கியவர் அவர். இருவரும் 47 பிள்ளைகளைத் தத்துப்பிள்ளைகள் போல வளர்த்து இசை கற்பித்ததாகச் சொல்வது வழக்கம். அவர்களிலிருந்தே குழுவுக்கு ஆட்கள் வந்தார்கள். 1976-இல் சண்டிகரில் நடந்த ரோமா விழாவில் எஸ்மாவுக்கு 'ரோமா இசையின் அரசி' என்ற பட்டம் சூட்டினார்கள். இந்தியத் தொடர்பு என்று கேட்டீர்கள் அல்லவா, இது ஐயத்துக்கிடமில்லாத தொடர்பு.

பல்கேரியாவில் கதை வேறுவிதமாகப் போயிற்று. கர்ஜாலி நகரில் 1952-இல் பிறந்த ஈவோ பாப்பாசொவ், துருக்கி மொழி பேசும் ரோமா, கிளாரினெட் கலைஞர். 1974-இல் அவர் தொடங்கிய 'த்ராக்கியா' குழுவில் ரோமாக்களும் துருக்கியரும் பல்கேரியரும் சேர்ந்து வாசித்தார்கள். ஒலிபெருக்கி, மின் கிட்டார், ஜாஸ் டிரம்ஸ் ஆகியவற்றோடு அவர்கள் வாசித்த திருமணங்களுக்கு அழைப்பில்லாதவர்களும் திரண்டு வந்தார்கள். அரசு வளர்த்த நாட்டுப்புறக் கலைக்குழுக்களோ 'தூய' பல்கேரிய இசையை மட்டுமே வாசித்தன. 1984–85 குளிர்காலத்தில் துருக்கியரின் பெயர்களை வலுக்கட்டாயமாகப் பல்கேரியப் பெயர்களாக மாற்றிய அரசு, சூர்னாவையும் பொது மேடைகளிலிருந்து விலக்கியது. பாப்பாசொவ் சிறை சென்றார். அதே ஆட்சியின் அதிகாரிகள் வீட்டுத் திருமணங்களுக்கும் இப்படிப்பட்ட குழுக்களே தேவைப்பட்டன என்பதுதான் இதில் வேடிக்கை. அவரோடு சாக்சபோன் வாசித்த யூரி யுனாக்கொவ் முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1994-இல் அமெரிக்காவில் குடியேறி, 2011-இல் அந்நாட்டின் தேசிய பாரம்பரியக் கலைஞர் விருதைப் பெற்றார். பிறந்த நாடு விலக்கப் பார்த்த இசையைப் புகுந்த நாடு தன் பாரம்பரியம் என்று ஏற்றுக்கொண்டது. மதுரை வாசகர் இந்தப் பத்தியையும் படிப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி: விண்கலத்தில் பல்கேரியப் பாட்டு ஒன்று அனுப்பப்பட்டதாமே? — பள்ளி மாணவி, சேலம்

ஆம். 1977-இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் ரொதோபி மலைப்பகுதியின் பாடகி வால்யா பால்கான்ஸ்கா, 'காய்தா' என்ற இரண்டு தோற்பை வாத்தியங்களின் துணையோடு, டெல்யோ என்ற மலைக் கிளர்ச்சியாளனைப் பற்றிப் பாடுகிறார். அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் உண்டு. இருவரும் நேரில் சேர்ந்து பாடியதில்லை. ஆனால் பல நூறு கோடி மைல்களாக ஒன்றாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: போருக்குப் பிறகு போஸ்னியாவில் செர்பியர், குரோஷியர், முஸ்லிம்கள் சேர்ந்து ஒரு குழுவில் பாடினார்கள் என்பது நெகிழ்ச்சியூட்டுகிறது. இசை பகையைத் தீர்த்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? — வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் சொல்வது மோஸ்டார் செவ்தா ரீயூனியன் என்ற குழுவைப் பற்றி. மோஸ்டாரின் பழைய கல்பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கிக் குண்டுகளால் இடிந்து ஆற்றில் விழுந்தது. 2004-இல்தான் மீண்டும் கட்டித் திறந்தார்கள். பாலம் இல்லாத அந்த இடைக்காலத்தில், 1998-இல், அந்த நகரத்தில் இந்தக் குழு உருவானது. அவர்கள் எடுத்துக்கொண்டது 'செவ்தாலிங்கா' என்ற போஸ்னிய நகர்ப்புறக் காதற்பாட்டு. 'செவ்தா' என்ற துருக்கியச் சொல்லுக்குக் காதல் என்று பொருள். அதன் அரபு மூலம் கரும்பித்தத்தைக் குறிக்கும், அதாவது மனச்சோர்வைத் தருவதாக அக்கால மருத்துவர் கருதிய உடல்நீர். காதலும் சோர்வும் ஒரே சொல்லுக்குள் இருப்பது பாட்டைக் கேட்டாலே தெரியும். செவ்தாலிங்கா 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்தக் குழு நீஷ் நகரத்து ரோமாப் பாடகர் ஷாபன் பைராமோவிச்சோடு ஒலிப்பதிவு செய்தது. யூகோஸ்லாவியா சிதறுவதற்கு முன்பே, 1980-களின் பிற்பகுதியில், ஜெர்மனிக்குப் போய்ப் பாட்டையே விட்டுவிட்டிருந்த லில்யானா பட்லரைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் பாட வைத்தது. போற்ற வேண்டிய காரியங்கள்தான்.

ஆனால் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மெட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கவும் முடியும். பல்கேரிய இயக்குநர் அதேலா பேயேவா 2003-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஒரே மெட்டைத் தேடி அவர் துருக்கி, கிரீஸ், அல்பேனியா, போஸ்னியா, மாசிடோனியா, செர்பியா, பல்கேரியா என்று சுற்றினார். ஒவ்வோர் இடத்திலும் அது தங்கள் பாட்டு என்றார்கள், மற்றவருடையதாக இருக்கலாம் என்ற பேச்சே சில இடங்களில் சினத்தைக் கிளப்பியது. போஸ்னியப் போருக்கு முன்பும் அந்த மக்கள் ஒரே பாட்டுகளைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு போரைத் தடுக்கவில்லை. போருக்குப் பிறகு ஒரு சிலர் ஒரே அறையில் உட்காருவதற்கு அது ஒரு காரணமாயிற்று. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் பத்தாண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்றவள். இப்போது டொராண்டோவில் வசிக்கிறேன். பல நாட்டவர் சேர்ந்த ஒரு பால்கன் குழுவில் வாசிக்க அழைக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? மெட்டை எங்கே முடிப்பது என்றுகூட எனக்குப் புரியவில்லை. — வாசகி, டொராண்டோ

முதல் மாதம் வயலினை வீட்டில் வைத்துவிட்டுப் போய் ஆடுங்கள். லெஸ்னோவும் ரச்செனிட்சாவும் உங்கள் பாதங்களுக்குப் பழகிய பிறகு வில்லை எடுத்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சுருதி விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. துருக்கிய மரபு வழி வந்த 'ஹிஜாஸ்' என்ற சுரக்கோவை ச, சுத்த ரி, அந்தர க, சுத்த ம என்றே செல்கிறது. நீங்கள் சரளி வரிசையில் முதல் நாள் பாடிய மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதி அதுவேதான். ஆனால் அந்த ரிஷபத்தை நம் வழக்கப்படி அசைத்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய அழகுகள் குறுகியவை: சுரத்தின் தலையில் சட்டென்று ஒரு கிள்ளல், இரண்டு சுரங்களுக்கிடையே ஒரு நடுக்கம், அவ்வளவே. 'கடூல்கா' என்ற பல்கேரிய வில் வாத்தியத்தைக் கூர்ந்து கேளுங்கள். அதில் விரலை அழுத்தப் பலகையே கிடையாது, தந்தியை விரல் தொட்டுச் செல்லும், கீழே உள்ள துணைத் தந்திகள் தொடாமலே தாமாகச் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலியை உங்கள் வயலினில் தேடுவது நல்ல பயிற்சி. அக்கார்டியனில் போரிஸ் கார்லொவின் பழைய ஒலிப்பதிவுகளையும் கேளுங்கள். ஒரு சுரமும் வீணாகாத வாசிப்பு அவருடையது.

ஒவ்வொரு மெட்டைக் கற்கும்போதும் அது எந்த ஊருடையது, உங்களுக்குக் கற்பித்தவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். குருவின் பெயரைச் சொல்லித் தொடங்கும் வழக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. கற்பித்தவர் ரோமாவாக இருந்தால் மேடையில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெயர்கள்தான் இசைத்தட்டு உறைகளில் அதிகம் விடுபட்டவை.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். நம் கச்சேரியில் போல அதை வாசிப்பவர் தீர்மானிப்பதில்லை. வட்டத்தின் முன்னால் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் வரிசையை இழுத்துச் செல்வார். கண்ணை அவர் மேல் வைத்திருங்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பித் தலையசைத்தால் இன்னும் இரண்டு சுற்றில் நிறுத்தலாம். கைக்குட்டை இன்னும் வேகமாகச் சுழன்றால் உங்கள் வலது கை இருபது நிமிடம் ஓயாது; ஆகவே தோளைத் தளர்த்தி, வில்லின் நடுப்பகுதியில் சின்னச் சின்னதாக வாசிக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.